உப்பைக் கழுவிவிட்டு உதிரிபாகம் தேடுங்கள்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பதைச் சின்னப் பிள்ளையும் அறியும். சன்னல் கம்பி, சைக்கிள் செயின், கிணற்று உருளை எதையும் உப்புக்காற்று விடுவதில்லை. இரும்பு அரிப்பை ஆராய்வதற்காகக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. இந்தக் காற்றில் தலைமுறை தலைமுறையாகப் பரணில் கிடந்த ஒரு சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி கையில் கிடைத்தால், உடைந்துபோன பாகத்துக்குப் பழைய இரும்புக் கடையில் மாற்று தேடுவதுதான் முதல் வேலை என்று தோன்றும். அது இரண்டாவது வேலை. உள்ளே ஏறியிருக்கும் உப்பை வெளியேற்றாமல் செய்யும் எந்தச் சீரமைப்பும் நிலைக்காது.

துருவைச் சுரண்டி எண்ணெய் தடவிய துப்பாக்கியில், சில மாதங்களில் மஞ்சள் கலந்த பழுப்புத் துளிகள் கசிவதைப் பார்க்கலாம். கடல் உப்பில் சோடியம் குளோரைடுடன் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. முன்னது ஈரத்தை இழுத்துக் கரைய காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட வேண்டும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். கடலோரத்தில் அதைவிடக் காய்ந்த நாள் அரிது. கரைந்த குளோரைடு, துருவைத் துளைத்துச் சென்று இரும்பை ஒட்டிச் சேர்கிறது. அங்கே உருவாகும் இரும்புக் குளோரைடு, ஈரமும் ஆக்சிஜனும் பட்டுத் துருவாகும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. செலவாவது இரும்புதான், குளோரைடு திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அதனால் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் மரப்பகுதியையும் பித்தளைப் பூண்களையும் கழற்றிவிட்டு, இரும்பை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊற வைக்கிறார்கள். காரத்தில் இரும்பு அரிக்காது. குளோரைடு மெல்ல வெளியேறும். வாரக்கணக்கில், சில பொருள்களுக்கு மாதக்கணக்கில் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது கொஞ்சம் கரைசலை எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுவார்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் பாய்ச்சினால் வேலை விரைவாகும். ஆனால் கடினப்படுத்திய எஃகு வில்லை (ஸ்பிரிங்கை) அப்படிச் செய்யவே கூடாது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வில்லை நொறுங்கும்படி செய்துவிடும். கழுவி உலர்த்திய பிறகு டானிக் அமிலம் பூசினால், எஞ்சிய துரு கருநீலப் படலமாக மாறும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் பயன்படுத்திய வினையும் இதுதான். அதன்மேல் மெழுகு.

இனி உதிரிபாகம். இந்தத் துப்பாக்கியில் விசையை இழுத்ததும், கல்லைக் கவ்விய குதிரை (சுத்தி போன்ற பாகம்) பாய்ந்து ஓர் எஃகுத் தகட்டை உரசும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சீவியெடுத்த எஃகுத் துகள்தான் காற்றில் எரிகிறது. தகட்டின் கார்பன் ஏற்றிய கடினமான மேற்பரப்பு தேய்ந்துவிட்டால் பொறி வராது. வேறொரு துப்பாக்கியின் தகட்டை மாட்டிவிடலாமே என்றால், அது பெரும்பாலும் பொருந்தாது. ஒவ்வொரு பாகத்தையும் கொல்லர் அரத்தால் ராவி, பக்கத்துப் பாகத்தோடு இழைத்துச் சேர்த்திருப்பார். திருகுமரைக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் ஒரு பொது அளவை முன்வைத்ததே 1841இல்தான். அதற்கு முந்தைய துப்பாக்கியில் பக்கத்துத் துளையின் திருகாணியே இந்தத் துளைக்குச் சேராமல் போகலாம்.

பாகங்களைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரே பூட்டை, அதாவது பொறி உண்டாக்கும் இயந்திர அமைப்பைச் சேர்ந்தவை கலந்துவிடாதபடி செய்தவர் வெட்டிய சிறு கோடுகளோ புள்ளிகளோ பல துப்பாக்கிகளில் தென்படும். ஒரு பாகத்தில் மட்டும் குறி வேறாக இருந்தால், முன்பே யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்தக் குறியை அரத்தால் அழிப்பதை நான் குற்றமாகவே கருதுகிறேன். ஒரு பொருளின் வரலாறே அதில்தான் எழுதியிருக்கிறது. புதிதாக மாட்டும் பாகத்தின் உட்புறத்தில் மாற்றிய ஆண்டைப் பொறித்துவிட வேண்டும். பழையதைத் தூக்கியெறியாமல் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும்.

இவையெல்லாம் காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிக்குத்தான். அரித்த குழாய் வெடிமருந்தின் அழுத்தத்தில் சுடுபவர் கையிலேயே பிளக்கும். பழுதுபார்த்தால் சுடக்கூடியது என்ற நிலையில் இருந்தாலே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்பதால், கழற்றத் தொடங்கும் முன்பே உரிமம் பற்றி விசாரித்துக்கொள்வது அவசியம்.