ஸ்கான் ரிப்போர்ட்டில் வெள்ளைப் புள்ளி என்றால்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வயது போனவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகள் பலர், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை நீட்டியபடி கேட்பது இதைத்தான்: “மூளையில வெள்ளைப் புள்ளி இருக்காம் டொக்டர். அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோயா?”

புள்ளிகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. அறுபது தாண்டிய பெரும்பாலானோரின் ஸ்கானில் அவை கொஞ்சமாவது தெரியும். எவ்வளவு, எங்கே என்று பார்க்க வேண்டும். ஃபசெகாஸ் என்ற அளவுகோலில், புள்ளியே இல்லையென்றால் 0, பெரிதாகப் பரவியிருந்தால் 3 என்று போடுவோம். இந்த வயதில் 1 என்றால் பயம் வேண்டாம். 3 என்றால் விடக்கூடாது.

மூளையின் வெள்ளைப் பகுதியில் நரம்பிழைகள் ஓடுகின்றன. அதன் ஆழத்துக்கு இரத்தம் போவது நீண்ட, மிக மெல்லிய குழாய்களால். இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தாலும் கடைசி வாய்க்கால் தூர்ந்தால் கடை வயல் காயும் அல்லவா, அதே கதைதான். பிரஷர், சீனி வருத்தம், புகைத்தல் எல்லாம் அந்தக் குழாய்களை வருஷக்கணக்கில் கெடுக்கின்றன. அப்படிப் பாதிக்கப்பட்ட இடங்களே ஸ்கானில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகின்றன.

அல்சைமரில் நடப்பது வேறு: அமிலாய்ட், டௌ என்ற புரதங்கள் படிந்து நரம்புக் கலங்கள் அழிகின்றன. அந்த அழிவாலும் இழைகள் சிதைந்து, குறிப்பாக மூளையின் பின்பக்கத்தில், வெள்ளை படரலாம். முதுமையில் இரண்டு பாதிப்பும் ஒரே மூளையில் இருப்பது சாதாரணம். அப்படிச் சேர்ந்தால் மறதி சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும்.

ஸ்கானை விட வீட்டார் சொல்வது எனக்குப் பெரிது. காலையில் சாப்பிட்டதை மறந்து கேட்டதையே கேட்கிறாரா? அல்லது ஞாபகம் ஓரளவு இருந்தும் நடை சுருங்கி, நெல் வித்த கணக்குப் பார்க்கத் திணறுகிறாரா? இரண்டாவது என்றால் முதலில் இரத்தக் குழாய்களையே சந்தேகிப்பேன். தைரொய்ட், பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

பழைய புள்ளிகளை அழிக்க மருந்தில்லை. புதிதாகப் பரவுவதைக் குறைக்கலாம். 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் பிரஷரை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு அவை குறைவாகவே கூடின. ஆனால் இங்கே தலைச்சுற்று நின்றதும் பிரஷர் குளிசையையும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அடிக்கடி விழுகிற முதியவர் என்றால் பிரஷரை எவ்வளவு குறைப்பது என்று உங்கள் டொக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம், வன்னியில் முக்கியமான ஒன்று. உடம்பில் ஷெல் துண்டு இருந்தால், எவ்வளவு பழையதானாலும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக முன்பே சொல்லுங்கள். காந்தத்தில் உலோகம் நகரலாம், சூடாகலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் சி.ரி. ஸ்கானோடு நிறுத்துவார்கள். மறதி உள்ளவர் தானாகச் சொல்லமாட்டார், கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.