கைட்போர்டிங்: தமிழில் பட்டச்சறுக்கு

கைட்போர்டிங் (பெயர்ச்சொல்): பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கும் இழுப்பில், காலில் மாட்டிய பலகையின் மேல் நின்றபடி நீரில் சறுக்கும் விளையாட்டு. கைட்சர்ஃபிங் என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறவர்கள்தான் அதிகம். பிரித்துப் பேசுகிறவர்களுக்கு, அலையில் ஏறி இறங்குவது மட்டும் கைட்சர்ஃபிங். அலை இல்லாத நீர்ப்பரப்பில் ஓடுவதையும் காற்றில் எழும்பிக் குதிப்பதையும் சேர்த்துச் சொன்னால் கைட்போர்டிங்.

'கைட்' ஆங்கிலத்தில் முதலில் பறவைப் பெயர். நம் பருந்து வகைதான். சிறகை அதிகம் அடிக்காமல் வானத்தில் மிதந்துகொண்டு நிற்கும் அந்தப் பறவையின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் நூலில் கட்டிய பட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பட்டம் 'பறக்கும் மான்', ஜெர்மானியர்களுக்கு டிராகன். 'போர்டு' வெறும் பலகை.

பட்டத்தை இழுவைக்குப் பயன்படுத்தும் யோசனை பழையது. 1826இலேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் போகாக் என்ற ஆசிரியர், பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தண்ணீருக்கு அது வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தடையாக இருந்தது பலகை இல்லை, பட்டம்தான்: ஒருமுறை நீரில் விழுந்தால் அதை மறுபடி கிளப்ப முடியாது. பிரான்சைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகெஞூ சகோதரர்கள் 1984 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பட்டம் இதைத் தீர்த்தது. அதன் முன்விளிம்பு காற்றடைத்த குழாய். விழுந்தாலும் மிதக்கும், கயிற்றை இழுத்துத் திருப்பினால் மறுபடி எழும்பும். அமெரிக்காவில் ரோஸ்லர் தந்தையும் மகனும் இன்னொரு வழியில் போய், தங்கள் கருவிக்கு 'கைட்ஸ்கீ' என்று பெயர் வைத்தார்கள். ஹவாயின் மௌயி தீவில் 1998இல் போட்டி நடக்கும் அளவுக்கு விளையாட்டு வளர்ந்துவிட்டது. ஸ்கீ, சர்ஃப், போர்டு என்று பெயரின் பின்பாதி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. முன்பாதி மாறவே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பிடித்தபோது பிரிவின் பெயர் 'ஃபார்முலா கைட்'. அந்தப் பெயரில் பலகையும் இல்லை, அலையும் இல்லை, பட்டம் மட்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சர்ஃபிங்குக்கு 'அலைச்சறுக்கு' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருப்பதால், அதன் முன்னால் பட்டத்தைச் சேர்த்துப் 'பட்ட அலைச்சறுக்கு' என்று சொல்லத் தோன்றும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த விளையாட்டுக்கு அலை தேவையே இல்லை. புதிதாகக் கற்பவருக்கு அது தொந்தரவும்கூட. பெயரைக் கேட்டதும் அலையடிக்கும் கரையாகத் தேடிப் போகவைக்கும் சொல் நமக்கு வேண்டாம். 'காற்றாடிச் சறுக்கு' என்றால் சிலருக்குப் பட்டம் நினைவுக்கு வரும், சிலருக்கு மின்விசிறி. 'பட்டப்பலகை' என்று சொன்னால் பட்டதாரி வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது.

மிஞ்சுவது பட்டச்சறுக்கு. பனிச்சறுக்கும் அலைச்சறுக்கும் எதன் மேல் சறுக்குகிறோம் என்பதைச் சொல்கின்றன, இங்கே பட்டத்தின் மேலா சறுக்குகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டு வண்டி என்கிறோம். மாடு இழுக்கிறது, யாரும் குழம்புவதில்லை. பலகையைத் தனியாகச் சொல்லவும் வேண்டாம், அது 'சறுக்கு' என்பதிலேயே அடங்கிவிடுகிறது. பரீட்சையில் சறுக்கிப் பட்டத்தைக் கோட்டைவிட்டவரைப் பற்றிய சொல்லோ என்று யாராவது கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

கற்கும் வரிசையும் இதுதான்: பட்டம் முதலில், சறுக்கு பிறகு. பலர் நேர்மாறாக, பளபளப்பான பலகையை வாங்குவதில் தொடங்குகிறார்கள். முதலில் கையில் எடுக்க வேண்டியது 2, 3 சதுர மீட்டர் அளவுள்ள பயிற்சிப் பட்டம். அதைத் தரையில் நின்று ஓட்டியே 'விண்ட் விண்டோ' பிடிபட்டுவிடும். அதாவது, காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் நமக்கு முன்னால் விரியும், கோளத்தில் கால் பங்கான வெளி. தமிழில் காற்றுவெளி எனலாம். அதன் ஓரங்களிலும் உச்சியிலும் பட்டம் மெதுவாக இழுக்கும், நட்டநடுவே வந்தால் ஆளைத் தூக்கிப்போகும்.

பிறகு பெரிய பட்டம். காற்றின் வேகத்தை 'நாட்' என்ற அலகில் அளப்பார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். தொடக்கக்காரருக்கு 12 முதல் 20 நாட் வரை, விட்டுவிட்டு வீசாத சீரான காற்று போதும். உடல் எடையைக் கிலோவில் எடுத்துக் காற்றின் நாட் எண்ணால் வகுத்து 2.2ஆல் பெருக்கினால் பட்டத்தின் அளவு தோராயமாகக் கிடைக்கும்: 75 கிலோ ஆளுக்கு 15 நாட் காற்றில் 11 சதுர மீட்டர். பழைய பட்டம் மலிவாகக் கிடைத்தால் அதன் வயதைக் கேளுங்கள். 2005ஐ ஒட்டி 'போ கைட்' எனும் வில் வடிவம் வருவதற்கு முன் செய்தவற்றில் இழுப்பை முழுக்கக் குறைக்க வழியில்லை. இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பட்டத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கு கயிறுகள் வந்து ஒரு தண்டில் முடிகின்றன. அதுதான் 'பார்', பிடிதண்டு. பட்டத்தின் முகப்பில் கிளைபிரியும் சிறு கயிறுகளுக்கு ஆங்கிலத்தில் பிரைடில். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்தார் பட்டத்துக்குக் கட்டுகிற 'முச்சை' இருக்கிறது. பிடிதண்டின் ஒரு முனை சிவப்பு. வழக்கமாக அது இடக்கைப் பக்கம். கயிறுகளை இடவலம் மாற்றி மாட்டினால் பட்டம் எழும்பியதுமே சுழன்று தரையில் மோதும். அதனால் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தொட்டபடி பட்டம் வரை நடந்து பார்ப்பார்கள்.

தண்டை உடலை நோக்கி இழுத்தால் இழுப்பு கூடும், தள்ளிவிட்டால் குறையும். சிக்கல் என்னவென்றால், பயந்தவன் கை எதையாவது இறுகப் பற்றித் தன்பக்கம் இழுக்கத்தான் பார்க்கும். பட்டம் இன்னும் வேகமாக இழுக்கும், பயம் இன்னும் ஏறும். முதல் பாடமே 'கையை விடு' என்பதுதான். விட்டும் அடங்கவில்லை என்றால் இடுப்பருகே இருக்கும் 'குயிக் ரிலீஸ்', அதாவது விடுவிசை. பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அதைப் பிடித்து உடலிலிருந்து வெளிப்பக்கம் தள்ளினால் பட்டம் ஒரே கயிற்றில் தொங்கித் துவண்டு விழும். இந்த விசைக்கென்றே ஐஎஸ்ஓ 21853 என்ற தரநிர்ணயம் 2020இல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அது கைக்கு அகப்பட வேண்டும். இழுப்பைத் தாங்குவது கை இல்லை, இடுப்பில் கட்டும் 'ஹார்னெஸ்'. இடைக்கச்சை என்றால் பொருத்தம். தலைக்கவசம், மிதவைச் சட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலகைக்கு வருவோம். இருமுனையும் ஒன்றுபோல் இருக்கும் 'ட்வின் டிப்', சராசரி உடல்வாகுக்கு 140 சென்டிமீட்டர் சுமார், கொஞ்சம் அகலமாக. அவ்வளவுதான்.

இடத்தைப் பொறுத்தவரை, தட்டையான நீர், இடுப்பளவு ஆழம், காற்று வீசும் திசையில் பாறையோ மரமோ கட்டடமோ இல்லாத வெளி. இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது பெரும்பாலும் கடற்கழிகளில். இலங்கையின் கற்பிட்டி, சிசிலியின் ஸ்தாஞோனே, மொராக்கோவின் தெற்கே மேற்கு சகாராவில் இருக்கும் தாக்லா எல்லாம் இதனால்தான் பெயர் வாங்கின. கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று நின்று வீசும். ஸ்பெயினின் தரீபாவும் புகழ்பெற்ற ஊர்தான், ஆனால் அங்கே வீசும் லெவந்தே காற்றின் முரட்டுத்தனத்தை முதல் வாரத்திலேயே சந்திக்க வேண்டாம்.

ஊர் எதுவானாலும் காற்றின் திசையைப் பாருங்கள். 'ஆன்ஷோர்' கடலிலிருந்து கரைக்கு நேராக வருவது. ஆளைக் கரையிலேயே கொண்டுவந்து மோதும். 'ஆஃப்ஷோர்' கரையிலிருந்து கடலுக்குப் போவது. பட்டம் விழுந்தால் ஆளும் சேர்ந்து நடுக்கடலுக்குப் போவார், மீட்புப் படகு இல்லாமல் இறங்கவே கூடாது. தொடக்கக்காரருக்கு ஏற்றது 'சைட் ஆன்ஷோர்', கரைக்குச் சாய்வாக வருவது. கரைச்சாய்வுக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். நிலக்காற்று, கடற்காற்று என்று முன்பே இருக்கும் இரண்டு சொற்களோடு இதையும் சேர்த்துக்கொண்டால், கரையில் நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வியைத் தமிழிலேயே கேட்டுவிடலாம்.