ஸ்டவுட் என்றால் குண்டு அல்ல

கோவைப் பக்கம் "ஆளு ஸ்டவுட்டா இருப்பாருங்க" என்றால் உடம்பு போட்ட ஆள் என்று பொருள். அதனால்தான், பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் தீபாவளி லீவுக்கு வந்து "காப்பி ஸ்டவுட்" என்கிற கறுப்பு பீர் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அதக் குடிச்சா தொப்பை போட்ருமுங்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெயர் செய்கிற வேலை. ஸ்டவுட் என்றதும் உலகம் நினைக்கிற அயர்லாந்து பீரான கின்னஸ் டிராஃப்டில் 12 அவுன்சுக்கு (சுமார் 355 மில்லி) சுமார் 125 கலோரிதான். மஞ்சளாக, தண்ணீர் மாதிரி இருக்கிற லாகர் பீர் பலவற்றில் இதைவிட அதிகம். தொப்பை போட்டால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சொல்லும் உடம்பில் பிறந்ததல்ல. பழைய பிரெஞ்சு மொழியில் துணிச்சலும் செருக்கும் உள்ளவனைக் குறித்த 'எஸ்தூத்' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் ஸ்டவுட் ஆனது. அதற்கும் மூலம் ஜெர்மானிய மொழிக் குடும்பம். ஜெர்மனில் 'ஷ்டோல்ட்ஸ்' என்றால் இன்றைக்கும் பெருமிதம். ஆங்கிலத்தில் முதலில் அஞ்சாதவன், பிறகு வலுவானவன், கடைசியாகத்தான் பருத்தவன் என்று பொருள் நகர்ந்தது. பீருக்கு இந்தப் பெயர் 1677ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்றிலேயே இருக்கிறது. அதாவது குண்டு என்ற பொருள் நிலைப்பதற்கு வெகு முன்பே, 'வீரியமான பீர்' என்ற பொருளில் ஸ்டவுட் வந்துவிட்டது. நிறத்துக்கும் அதற்கும் அன்று தொடர்பே இல்லை. வெளிர்நிற ஸ்டவுட்டும் விற்றார்கள்.

கறுப்பு ஒட்டிக்கொண்டது லண்டனில். 18ஆம் நூற்றாண்டில் அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு பீருக்குப் போர்ட்டர் என்றே பெயர் விழுந்தது. கோவை ஜங்ஷனில் சிவப்புச் சட்டை போட்டுப் பெட்டி தூக்குகிறாரே, அதே போர்ட்டர். அந்தப் பீரில் வீரியம் கூடியதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். காலப்போக்கில் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது. ஆர்தர் கின்னஸ் 1759இல் டப்ளின் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக்குக் குத்தகை எடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குச் சுவையாகப் படுவது 1817. அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது: பீரில் முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டும் கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. கருக்கிய சர்க்கரையை ஊற்றி நிறமேற்றிக்கொண்டிருந்த ஆலைகள் விழி பிதுங்கின. டேனியல் வீலர் என்பவர் உருளையில் வறுக்கிற ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மால்ட்டை அந்த உருளையில் போட்டு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கருக வறுப்பது அவர் முறை. அந்த உருளை, காப்பிக்கொட்டை வறுக்கிற உருளை மாதிரியானதுதான். இதைத் தெரிந்துகொண்டால், காப்பியே சேர்க்காத ஸ்டவுட்டில் ஏன் காப்பி மணக்கிறது என்பது விளங்கிவிடும். காப்பித்தூள் கடை வாசலில் நிற்கும்போது மூக்கைத் துளைக்கிற வாசம், கொட்டையில் இருக்கிற சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து விளைவது. பார்லியிலும் நடப்பது அதே வேலைதான்.

ஆகவே காப்பி ஸ்டவுட் என்பது, ஏற்கெனவே காப்பி மணக்கிற பீரில் நிஜக் காப்பியையும் சேர்ப்பது. கொதிக்கும்போது தூளைப் போட்டால் கசப்பும் துவர்ப்பும் ஏறிவிடும். அதனால் பலர் நொதித்து முடித்த பிறகு, குளிர்ந்த நீரில் ஊறவைத்து இறக்கிய டிகாக்‌ஷனைக் கலக்கிறார்கள். முழுக்கொட்டையாகத் தொட்டியில் ஊறப்போடுகிறவர்களும் உண்டு. காப்பி இருப்பதால் போதை தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காஃபீன் தூக்கத்தைத் தள்ளிவைக்கும். ஆல்கஹாலை ஒன்றும் செய்யாது.

சுவைக்கிற விதத்தில் நம் ஊர் நாக்குக்கு ஒரு தடுமாற்றம் இருக்கிறது. நாம் வளர்ந்தது சிக்கரி கலந்த தூளில். டம்ளரில் தெரிகிற அடர்நிறத்துக்கும் நாக்கில் நிற்கிற கனத்துக்கும் பாதிக் காரணம் சிக்கரி. காப்பி ஸ்டவுட்டில் அந்தக் கனத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதோடு ஐஸ் மாதிரி குளிர வைத்துக் குடித்தால் மணம் அடங்கி, கசப்பு மட்டும் மிஞ்சும். 10 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி போதும். கிளாஸைச் சாய்த்து ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மாதுளைச் சிவப்பு தெரியும். நுரை வெள்ளையாக இராது, டிகாக்‌ஷன் நுரை போலப் பழுப்பாக இருக்கும். காப்பிக் கொட்டையின் எண்ணெய் நுரையைக் கெடுக்கும் என்பதால் சிலவற்றில் அது சீக்கிரம் அடங்கிவிடும், அது குறையல்ல. முதல் மடக்குக்கு முன் முகர்ந்து பாருங்கள். வறுத்த வாசம் வந்தால் நல்லது. பச்சைக் குடைமிளகாய் வாசம் வந்தால் காப்பியின் மணத்தில் கோளாறு என்று அர்த்தம். காப்பி ஸ்டவுட்டில் அடிக்கடி சொல்லப்படுகிற குறை இது. மற்ற ஸ்டவுட் நாள்பட நாள்பட மெருகேறலாம், காப்பி சேர்த்ததைப் புதுசாகவே முடித்துவிட வேண்டும். தொட்டுக்கொள்ளப் பள்ளிபாளையம் சிக்கன் என்று ஆசைப்பட வேண்டாம். மிளகாய்க் காரமும் கருகல் கசப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும். ஒப்புட்டு, அதாவது போளி, நன்றாகச் சேரும்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? தேறல் என்பவர்கள் இருக்கிறார்கள். அழகான சொல், ஆனால் பொருந்தாது. தேறு என்றால் தெளி. தேறல் தெளிந்த கள். பதநீரை நாம் தெளுவு என்கிறோமே, அதுவும் தெளிவிலிருந்து வந்ததுதான். எதிர்ப்பக்கம் தெரியாத கறுப்பு பானத்துக்குத் தெளிவின் பெயரை வைப்பது கேலியாகிவிடும். கள் என்றும் சொல்ல முடியாது. இன்றைக்குக் கள் என்றால் மரத்துச் சாறு, பீர் தானியம். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது, 1987இல் மாநிலம் முழுக்கக் கள்ளுக்குத் தடை வந்தது. இத்தனைக்குப் பிறகு கள் வகைகளின் பெயர்களும் நமக்கு மறந்துபோனதில் வியப்பில்லை.

தானியக் கள்ளுக்குப் பழந்தமிழில் தனிப்பெயர் இருக்கிறது: தோப்பி. சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் சமைத்த கள்ளாக வருகிறது. நெல்லால் செய்தது என்கிறது உரை. அதே பாட்டில் இன்னோர் இடத்தில் அரிசிக் களியை ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைக்கிற செய்முறையும் உண்டு. முளையைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்குகிற மால்ட் வேலை அங்கேயே இருக்கிறது. பீருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இனி ஸ்டவுட். கருந்தோப்பி என்று போட்டால் நிறம் மட்டும்தான் வருகிறது, சொல்லின் வீரியம் போய்விடுகிறது. கெட்டி என்று பார்த்தால் கெட்டிக்காரன், கெட்டித் தயிர் என்று திறமையும் கனமும் சேர்ந்தே கிடைக்கின்றன, ஆனால் பானத்துக்குச் சொன்னால் கரண்டியால் எடுக்க வேண்டுமோ என்று தோன்றும். கடுமைதான் சரி. கடுங்காப்பி என்கிறோம் அல்லவா, அதே கடு. ஸ்டவுட் கடுந்தோப்பி, காப்பி ஸ்டவுட் காப்பிக் கடுந்தோப்பி. காப்பியைக் குளம்பி ஆக்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் 'குளம்பிக் கடுந்தோப்பி' என்று கேட்டால் கடைக்காரர் குழம்பிப்போவார். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் சேர்த்த மில்க் ஸ்டவுட்டைப் பாற்கடுந்தோப்பி எனலாம். இனிப்பு மிஞ்சாத ஐரிஷ் வகைக்கு டிரை ஸ்டவுட் என்று பெயர். பாலில்லாத காப்பியை வரக்காப்பி என்கிற கோவைக்காரருக்கு அது வரத்தோப்பி என்றாலே புரிந்துவிடும்.