தொப்புள்ல போடுவீங்களா, மிஸ்ஸி?

முதலாம் படிவத்துப் பெண்பிள்ளைகளுக்கு, அதாவது 13 வயதில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போடுகிறோம். 2010லிருந்து நம் மலேசியாவில் இது நடக்கிறது, ஊசி மேல்கையில்தான். ஆனாலும் வரிசையில் நிற்கிற நம் பிள்ளைகளில் யாராவது ஒருத்தி சட்டையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தொப்புள்ல போடுவீங்களா, மிஸ்ஸி?" என்று தாதியான என்னிடம் மெதுவாகக் கேட்பாள். நாய்க்கடிக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியைப் பற்றிப் பாட்டி சொல்லிப் பயமுறுத்தியிருப்பார், அது பாதிக் காரணம். மீதியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால்தான் சொல்வாள்: குழந்தை தொப்புள் வழியாகத்தானே வருகிறது, அப்போது கருப்பையின் வாய் அதுதானே?

சிரிக்காதீர்கள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்கிற பிள்ளை அறிவியல் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே, மளிகைக்கடைக் காலண்டரில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துவிடுகிறது. நாபியிலிருந்து ஒரு தண்டு, அதன் நுனியில் தாமரை, தாமரையில் பிரம்மா. அம்மா ஆபரேஷனில் பெற்றவர் என்றால் தொப்புளுக்குக் கீழே தழும்பும் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்! ஏழு வயதுக்கு இது நல்ல யோசனைதான். அதே யோசனை 13 வயதிலும் அப்படியே இருக்கிறதென்றால், கேட்டபோதெல்லாம் "சாமி குடுத்துச்சு", "போய் படி" என்று விரட்டிவிட்ட பெரியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

தொப்புள்கொடியில் மூன்று இரத்தக்குழாய்கள் உண்டு, இரண்டு தமனி, ஒரு சிரை. அது போய்ச் சேர்வது கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியில், அம்மாவின் தொப்புளில் இல்லை. பிறந்ததும் கிளிப் போட்டு வெட்டுகிறோம், ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடுகிறது, உள்ளே இருந்த சிரை வெறும் நாராகச் சுருங்கிக் கல்லீரலோடு ஒட்டிக்கொண்டு காலம் முழுக்கக் கிடக்கிறது. அம்மாவின் தொப்புள் அவள் தன் அம்மாவோடு ஒட்டியிருந்த இடம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் பாட்டியை ஒரு மாதிரி புது மரியாதையோடு பார்ப்பார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, தெரியாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? நிறைய. சிறுநீர் வருவதற்கு ஒரு வழி, பிள்ளை வருவதற்கு வேறு வழி என்று தெரியாத பெண்பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வரும்போது எங்கிருந்து இரத்தம் வருகிறது என்றே புரியாது, காயம் என்று பயந்து குளியலறையில் ஒளிந்துகொள்கிறது. யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும் "வயிறு வலிக்குது" என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. அதனால் கிளினிக்குக்கு வருகிற அம்மாக்களிடம் நான் சொல்வது இதுதான்: விளக்குவதற்கு முன்னால், "நீ என்ன நினைச்சிக்கிட்டு இருக்கே?" என்று ஒருமுறை கேளுங்கள். பெருமாளைக் காலண்டரிலிருந்து இறக்க வேண்டியதில்லை. அது சாமிக்கு, நமக்கு இப்படி என்றால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும், பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

தேவாலயத்துக்குப் போகிற குடும்பங்களில் விலா எலும்பு. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாளை உண்டாக்கியதால் ஆண்களுக்கு ஒன்று குறைச்சல் என்று வளர்ந்த ஆட்களே நம்புகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடி, மொத்தம் 24. உடற்கூறு மருத்துவர் வெசாலியஸ் 1543லேயே தன் உடற்கூறு நூலில் இந்த நம்பிக்கையை மறுத்துவிட்டார். பைபிளின் ஆதியாகமமும் ஆதாமின் பிள்ளைகளுக்குக் குறைந்ததாகச் சொல்லவில்லை. ரப்பர் பால் ஆலை மெஷினில் விரலை இழந்த தாத்தாவின் பேரன் பேத்திகளுக்குப் பத்து விரலும் சரியாகத்தானே இருக்கின்றன.

என்னை உண்மையில் பயப்பட வைப்பது தொண்டைக் கதைதான். பாற்கடல் கடைந்தபோது வந்த ஆலகாலத்தைச் சிவன் குடிக்க, பார்வதி கழுத்தைப் பிடித்து நிறுத்த, விஷம் அங்கேயே நின்றது. சிவராத்திரிக்குக் கோயிலில் இந்தக் கதையைக் கேட்ட பையன்கள் சிலர், ஆண்களின் கழுத்தில் துருத்தி நிற்கிற மேட்டை அந்த விஷக்கட்டி என்றே நினைக்கிறார்கள். தங்களுக்கும் அது வளரத் தொடங்கிக் குரலும் உடையும்போது பாவம், யாரிடமும் சொல்லாமல் திண்டாடுகிறார்கள். அது குரல்நாண்களுக்கு முன்னால் இருக்கிற குருத்தெலும்பு, பெண்களுக்கும் உண்டு, பருவ வயதில் ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். சாப்பாடு போகிற குழாய் அதற்குப் பின்னால் தனியாக ஓடுகிறது.

ஆனால் விஷம் தொண்டையில் நிற்கும், பிடித்து நிறுத்தலாம் என்ற எண்ணம் புல்லுக்கு மருந்தடிக்கிற ஊரில் ஆபத்து. விழுங்கியது சில நொடிகளில் இரைப்பைக்குப் போய்விடும், கழுத்தை அழுத்தினால் மூச்சுதான் நிற்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்தாகிவிட்டது, இருந்தாலும் பழைய மிச்சமோ வேறு மருந்தோ சோடா போத்தலில் ஊற்றி வீட்டுக்குப் பின்னால் வைக்கிற பழக்கம் போகவில்லை. பாராகுவாட் குடித்தவர் முதல் நாள் எழுந்து உட்கார்ந்து பேசக்கூடச் செய்வார், அதைப் பார்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த நாட்களில் சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுப்போகும். கழுத்தைப் பிடிக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 999க்கு அழையுங்கள், இல்லையென்றால் கிடைக்கிற காரில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் அங்குள்ள டாக்டர்கள் பினாங்கில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்டுக்கொள்வார்கள், அதனால் போத்தலை லேபிளோடு கையில் எடுத்துப் போங்கள், சோடா போத்தலாக இருந்தாலும் சரி.