மனச்சோர்வுக்கு மதிப்பெண்: 12 எடுத்தால் என்ன பொருள்?

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மனநல முகாமில் ஒரு பெண் 12 மதிப்பெண் எடுக்கிறார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தானாக வந்த இன்னொரு பெண்ணும் அதே 12 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு 12-க்கும் பொருள் வேறு.

உலகெங்கும் பயன்படும் அந்தக் கேள்வித்தாளின் பெயர் பிஎச்கியூ-9. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள்: நாட்டமின்மை, மனத்தளர்ச்சி, தூக்கம், அசதி, பசி, தன்மீதே வெறுப்பு, கவனம், உடலின் மந்தம் அல்லது பரபரப்பு, சாவு பற்றிய எண்ணம். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3. ஆக மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம்.

அந்தப் பத்து எப்படி வந்தது? கேள்வித்தாளை நிரப்பியவர்களில் ஒரு பகுதியினரிடம் மனநல வல்லுநர்கள் தனியாகப் பேசி, இரு முடிவுகளையும் ஒப்பிட்டார்கள். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, 10-ஐ எல்லையாக வைத்தால் கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதம் பேர் பிடிபடுகிறார்கள். இல்லாதவர்களில் 88 சதவீதம் பேர் சரியாக விடுபடுகிறார்கள். எல்லையைக் குறைத்தால் நோயாளிகள் தப்புவது குறையும், ஆனால் நலமாக இருப்பவர்கள் கூடுதலாகச் சிக்குவார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிராமத்தில் 1,000 பேரில் 50 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 44 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 12 சதவீதம், அதாவது 114 பேர், நோயில்லாமலே பத்தைத் தாண்டுவார்கள். தாண்டிய 158 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் நாலில் ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மருத்துவமனைக்கு வருபவர்களில் 1,000-க்கு 300 பேருக்கு நோய் இருந்தால், தாண்டுபவர்கள் 348; அவர்களில் 264 பேருக்கு நோய் உண்டு. தாள் மாறவில்லை, எதிரே நிற்கும் கூட்டம் மாறியிருக்கிறது. முகாமில் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று எழுதிவிடுவது பெரிய அநீதி என்று நான் சொல்வது இதனால்தான்.

மதிப்பெண் எங்கிருந்து சேர்ந்தது என்பதும் முக்கியம். மதுரையைச் சுற்றி மல்லிகை பறிக்கும் பெண்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். பூ மலர்ந்துவிட்டால் விலை போய்விடும். சீசனில் அவர்களுக்குத் தூக்கம் கெடும், அசதி தீராது. இந்த இரண்டு கேள்விகளிலேயே 6 மதிப்பெண் வந்துவிடலாம். மனம் தெளிவாகவே இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க உளவியலாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது: மனச்சோர்வின் அளவு சமமாக இருக்கும் இரு குழுக்களை எடுத்து, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் ஒரு குழு கூடுதலாக மதிப்பெண் பெறுகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி ஒரு வேறுபாடு தெரிந்தால், அந்தக் கேள்வி மனத்தோடு வேலையையும் சேர்த்து அளக்கிறது என்று பொருள்.

எதிர்த்திசையிலும் பிழை வரும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முன்பின் அறியாதவர் சத்தமாகக் கேள்வியைப் படித்தால், சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு யார் உண்மையைச் சொல்வார்கள்? அந்தக் கேள்விக்கு மட்டும் மொத்த மதிப்பெண் ஒரு பொருட்டல்ல. 0 தவிர எந்த விடை வந்தாலும் அன்றே தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஒன்பதுக்குப் பிறகு தாளின் அடியில் மதிப்பெண்ணே இல்லாத இன்னொரு கேள்வி உண்டு: இந்தத் தொந்தரவுகளால் வேலை செய்வதும், வீட்டைக் கவனிப்பதும், பிறரோடு பழகுவதும் எவ்வளவு சிரமமாகிவிட்டன? கூட்டலில் சேராததால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேலூர்ப் பெண்ணிடம் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்.