பிரிந்த அன்றே வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்

"என் கையெழுத்து இல்லாமல் அவர் எப்படிப் பணம் எடுத்தார்?" சேலத்தில் குடும்ப வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும், இந்தக் கேள்வி காதில் விழாத மாதமே இல்லை என்பார். கடைசியாக என்னிடம் கேட்டவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் பெண். பற்றவைப்பு வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சேர்த்த கூலி முழுவதையும் கணவரோடு சேர்ந்து தொடங்கிய கணக்கில் போட்டுவந்திருக்கிறார். கணவர் வீட்டைவிட்டுப் போன மறுநாள் தேதியில், பாஸ்புக்கில் அடுத்தடுத்து மூன்று பற்று. கடைசி வரியில் மீதி இருநூற்றுச் சொச்சம்.

அந்த பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கணக்கை இயக்கும் முறை என்ற இடத்தில் 'எய்தர் ஆர் சர்வைவர்', அதாவது 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று அச்சாகியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த வரியை அவர் படித்ததே இல்லை. யாரும் படித்துச் சொன்னதும் இல்லை.

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். கூட்டுக் கணக்கு என்றால் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது தவறு. கணக்குத் தொடங்கும் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்களோ அதுதான் நடக்கும். 'ஜாயின்ட்லி' என்று போட்டிருந்தால் மட்டுமே இருவர் கையெழுத்தும் தேவை. 'எய்தர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், முழுத் தொகையையும் எடுக்கலாம். பாதிதான் எடுக்கலாம் என்ற கணக்கெல்லாம் வங்கியில் கிடையாது. யாருடைய கூலி, யாருடைய சம்பளம் என்று கவுண்ட்டரில் இருப்பவர் கேட்கமாட்டார். கேட்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அந்தக் கட்டளையைக் கொடுத்தவர்களே நீங்கள் இருவரும்தான். ஆகவே வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. "எடுத்துவிட்டார், இனி அது அவர் பணம்" என்று கைவிட்டுவிடுகிறார்கள். எடுக்கும் அதிகாரம் வேறு, உரிமை வேறு. கணவர் தன் பணத்தை மனைவி பெயரையும் சேர்த்து வங்கியில் போட்டதாலேயே அதை அவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டதாக அனுமானிக்க முடியாது என்று 1928லேயே, அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனைவி போட்ட பணத்துக்கும் அதே நியாயம்தானே? பெயர் முதலில் இருக்கிறதா, இரண்டாவதாக இருக்கிறதா என்பதும் உரிமையை முடிவு செய்யாது. பெண்ணுக்கு வந்த சீர்ப்பணம் அந்தக் கணக்கில் விழுந்திருந்தால் அதையும் கணவர் சொந்தம் கொண்டாட முடியாது. ஸ்திரீதனம் மனைவியின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். கூலிச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, முழுக் கணக்கு அறிக்கை. அறிக்கையை இன்றே வாங்கி வையுங்கள்.

ஏமாறுவது பெண்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவருக்கு, சேமிப்புக் கணக்கு காலியானதே கடன் தவணை திரும்பிய பிறகுதான் தெரிந்தது. குறுஞ்செய்தி போகும் எண் மனைவியுடையது. வைப்புத்தொகை மட்டும் தப்பியது. முதிர்வுக்கு முன் அதை உடைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வங்கி திருப்பி அனுப்பியிருக்கிறது. அதை நம்பி அவர் நிம்மதியாக இருந்தார். முதிர்வுத் தேதி வந்துவிட்டால் 'எய்தர் ஆர் சர்வைவர்' வைப்புத்தொகையை ஒருவரே வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னதும்தான் எழுந்து வங்கிக்கு ஓடினார்.

ஆகவே, பிரிவது என்று முடிவானால் முதலில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அங்கே திருப்புங்கள். அடுத்து வங்கிக்குக் கடிதம். எங்களுக்குள் தகராறு இருக்கிறது, இனி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம், ஏடிஎம் அட்டை, இணைய வங்கி, யுபிஐ எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று எழுதுங்கள். இப்படி எழுத்தில் கொடுத்தால் வங்கிகள் பொதுவாக நிறுத்திவைக்கும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "மேலாளரிடம் வாயால் சொன்னேன்" என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அதை வைத்து நான் நீதிமன்றத்தில் எதையும் காட்ட முடியாது. அந்தக் கணக்கிலிருந்து வீட்டுக்கடன் தவணை போகிறது என்றால் அதற்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே நிறுத்துங்கள். கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால் விவாகரத்தே ஆனாலும் வங்கி முழுப் பாக்கியையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கும்.

கடிதம் போதாத இடத்தில் நீதிமன்றம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, கணவர் கூட்டுக் கணக்கையோ லாக்கரையோ இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். தன் தனிப் பெயரில் அவர் வைத்திருக்கும் கணக்குக்கும் அது பொருந்தும். ஆண்கள் குடும்ப நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். உத்தரவு கிடைத்ததும் அதன் நகலை வங்கிக் கிளையில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று நாளைக் கடத்தும் பெண்களுக்கு: அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு, வருமான வரம்பு கிடையாது. வரும்போது பாஸ்புக்கையும் அந்த முத்திரை போட்ட நகலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.