பழைய மாணவர்கள் சாம்பியனை வீழ்த்துவார்களா?

அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் அலுக்காமல் விவாதிக்கும் கற்பனை ஆட்டம் ஒன்று உண்டு. ஒரே கல்லூரியிலிருந்து கிளம்பி வெவ்வேறு தொழில்முறை அணிகளில் ஆடிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்களைத் திரும்ப ஒரே சட்டையில் இறக்கினால், அந்த ஆண்டின் சாம்பியனை அவர்கள் ஜெயிப்பார்களா?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க மியாமிப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான கல்லூரி இல்லை. 2001இல் ஆடிய 12 ஆட்டங்களையும் வென்ற மியாமி அணியிலிருந்து 38 பேரை, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் ஆண்டுதோறும் நடக்கும் புதுமுகத் தேர்வில் எடுத்தன. அவர்களில் 17 பேர் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள். ஆகவே 2004 சீசனை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அப்போது என்.எஃப்.எல்.லில் இருந்த மியாமிப் பழைய மாணவர்கள். மறுபக்கம் 16 லீக் ஆட்டங்களில் 14ஐ வென்று, இறுதியாட்டமான சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியாவை 24-21 என்று சாய்த்துக் கோப்பையையும் தூக்கிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்.

மியாமியின் தடுப்பாட்டப் பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். வாரன் சாப், ரே லூயிஸ், எட் ரீட் மூவருமே லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கியவர்கள். ரீட் அதை வாங்கியது 2004இல்தான். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் ஜானதன் வில்மாவும் மியாமிக்காரர். பின்வரிசையில் ஷான் டெய்லர். பந்து நம் கைக்கு வந்தால் ஓடுவதற்கு எட்ஜரின் ஜேம்ஸ், கிளின்டன் போர்ட்டிஸ், வில்லிஸ் மெக்கஹீ. பிடிப்பதற்கு ரெஜி வெய்ன், ஆண்ட்ரே ஜான்சன்.

இந்தப் பெயர்களை வரிசையாகக் கூட்டிப் பார்ப்பவர்கள் மியாமிதான் ஜெயிக்கும் என்று சொல்லிவிடுவார்கள். கூட்டல் தப்பான கணக்கு என்பதற்கு அந்த மூன்று ஓட்டக்காரர்களே சாட்சி. மூவரும் அந்த சீசனில் ஆளுக்கு 1,000 கெஜத்துக்கு மேல் ஓடியவர்கள். ஆனால் பந்து ஒன்றுதான். மூன்றாவது ஆள் வந்ததால் கிடைக்கும் லாபம், முதல் ஆள் தந்ததில் சொற்பம். இப்படி ஒரே இடத்தில் திறமை குவிவது தொழில்முறை அணிகளில் அரிது. தோற்ற அணிக்கு முதல் தேர்வு என்ற விதியும் சம்பள உச்சவரம்பும் சேர்ந்து, நல்ல ஆட்டக்காரர்களை 32 அணிகளுக்கும் பரப்பிவிடுகின்றன. கல்லூரிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் சில இடங்கள் நிரம்பி வழியும், சில இடங்கள் காலியாகக் கிடக்கும்.

மியாமியில் காலியாகக் கிடந்த இடம் மிக மோசமான இடம்: பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். 2004இல் அவர்களிடம் இருந்தவர்கள், சீசன் நடுவே 41 வயதைத் தொட்ட வின்னி டெஸ்டவர்டியும் அனுபவம் குறைந்த கென் டார்சியும். டெஸ்டவர்டி அந்த ஆண்டு 17 டச்டவுன் பாஸ்கள் எறிந்தார் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது டச்டவுன்). எதிரணி கையில் 20 முறை பந்தைக் கொடுத்தார். அதே ஆண்டில் பேட்ரியட்ஸின் டாம் பிரேடிக்கு 28 டச்டவுன், 14 பறிகொடுப்பு. அணி முன்னேற ஆடும் ஒவ்வொரு ஆட்டத் துண்டிலும் பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. ஆகவே அங்கே இருக்கும் ஓட்டை மற்ற எல்லோருடைய உழைப்பையும் வடித்துவிடும்.

அவரைக் காப்பாற்ற நிற்கும் ஐந்து பேர் கொண்ட முன்வரிசையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பாஸ் எறிய ஏறக்குறைய இரண்டரை வினாடி வேண்டும். அதுவரை ஐவருமே தம் ஆளைத் தடுத்து நிறுத்த வேண்டும்; ஒருவர் தவறினாலும் கதை முடிந்தது. விளக்கத்துக்காக ஒவ்வொருவரும் 100க்கு 95 முறை தாக்குப்பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை பெருக்கினால் 77 சதவீதம்தான் மிஞ்சும். இப்போது ஒருவரை எடுத்துவிட்டு 99 சதவீத நட்சத்திரத்தைப் போடுங்கள்: 81 ஆகிறது. கூடவே இன்னொரு இடத்தில் 80 சதவீத ஆள் நின்றால் 68க்கு இறங்கிவிடும். நட்சத்திரம் எவ்வளவு முயன்றாலும் 100க்கு மேல் போக முடியாது. பலவீனமானவரோ பூஜ்யம் வரைக்கும் இறங்கலாம். பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமர் 1993இல் இதே பெருக்கல் தர்க்கத்தைத் தொழிற்கூடங்களுக்குப் பொருத்தி ‘ஓ-ரிங்’ கோட்பாடு என்று பெயரிட்டார். 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியது ஒரு ரப்பர் வளையம் கைவிட்டதால்தான். பெயர் அதிலிருந்து வந்தது.

மியாமி வரிசையில் பிரையன்ட் மெக்கின்னி மலை மாதிரி நிற்பார். மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் புதுமுகங்களையும் மாற்று ஆட்டக்காரர்களையும்தான் நிறுத்த வேண்டும். பேட்ரியட்ஸின் ஐவரில் ஒருவர்கூட முதல் சுற்றுத் தேர்வு இல்லை. அவர்களில் ஸ்டீபன் நீல் கல்லூரியில் ஃபுட்பாலே ஆடாதவர். 1999இல் உலக மல்யுத்த சாம்பியன். அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டே கோப்பையை வென்றார்கள் என்றால், காரணம் பழக்கம். எதிரணியின் இரண்டு பேர் குறுக்காக ஓடி இடம் மாற்றிக்கொள்ளும்போது, பக்கத்தில் இருப்பவனிடம் தன் ஆளை ஒப்படைத்துவிட்டு அவனுடைய ஆளைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கத்திச் சொல்ல நேரமில்லை. தோள் அசைவிலேயே புரிய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

பாஸிலும் அப்படித்தான். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. வினாடிக்கு 8 மீட்டர் ஓடுபவரின் வருகையைக் குவார்ட்டர்பேக் 0.2 வினாடி தப்பாகக் கணித்தால் பந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகி விழும். தடுப்பவர் நடுவில் கை நீட்டிப் பறிக்க அது தாராளம். ரெஜி வெய்னின் ஓட்டம் அவருடைய அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்குக்கு அத்துபடி, டெஸ்டவர்டிக்கு இல்லை.

இந்தக் கற்பனைக்கு நெருக்கமான ஒரு நிஜப் பரிசோதனை நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிகாகோ டிரிபியூன் நாளிதழின் ஆர்ச் வார்டு முயற்சியால், 1934 முதல் 1976 வரை கல்லூரி முடித்த புதுமுக நட்சத்திரங்கள் முந்தைய தொழில்முறைச் சாம்பியனோடு மோதினார்கள். மொத்தம் 42 ஆட்டங்கள். சாம்பியன்களுக்கு 31 வெற்றி, நட்சத்திரங்களுக்கு 9, சமன் 2. இதைக் காலவரிசையில் பிரித்தால் விஷயம் பிடிபடும்: 1963 வரை நடந்த 30 ஆட்டங்களில்தான் அந்த ஒன்பதும். அதன்பின் நடந்த 12இல் ஒன்றுமில்லை. இடையில் தொழில்முறை ஆட்டம் முழுநேர வேலையாகிவிட்டது. 1950இல் தடையற்ற ஆள்மாற்று நிரந்தரமாக வந்து, ஒவ்வொருவரும் ஒரே வேலையைக் கூர்தீட்டத் தொடங்கினார்கள். சில வாரம் சேர்ந்து பயின்றவர்களால் அந்த நுணுக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அந்தக் கடைசி வெற்றியைக் கவனியுங்கள். 1963 ஆகஸ்டில் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸை 20-17 என்று வீழ்த்திய ஆட்டம் அது. தீர்மானித்தது ஒரு குட்டைப் பாஸ். அதை வாங்கியவர் 74 கெஜத்தில் டச்டவுனாக்கிவிட்டார். எறிந்தவர் ரான் வாண்டர்கெலன், பிடித்தவர் பேட் ரிக்டர். இருவருமே விஸ்கான்சின் கல்லூரி. முந்தைய சீசன் முழுக்கச் சேர்ந்து ஆடியவர்கள்! ஒரே கல்லூரிக்காரர்களைத் திரட்டுவதில் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரே ஆண்டில் ஒன்றாக ஆடியிருக்க வேண்டும். சாப்பும் டெய்லரும் மியாமியில் ஒரே களத்தில் நின்றதே இல்லை. லூயிஸும் ரீடும் வேறு கதை. 2002 முதல் பால்டிமோரில் ஒன்றாகவே ஆடினார்கள்.

இனி எண்ணுக்கு வரலாம். பேட்ரியட்ஸ் அந்த சீசனில் எடுத்தது 437 புள்ளி, கொடுத்தது 260. புள்ளிகளிலிருந்து வெற்றியைக் கணிக்கும் வாய்ப்பாட்டின்படி இரண்டையும் 2.37 என்ற அடுக்குக்கு உயர்த்தி, கூட்டுத்தொகையில் எடுத்ததன் பங்கைப் பார்த்தால் 16இல் 12.4 வெற்றி வரவேண்டும். 14 வெற்றியில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஒரு ஆட்டத்தின் முடிவு எவ்வளவு ஊசலாடும் என்பதை புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் 1991இல் அளந்தார். எதிர்பார்த்த புள்ளி வித்தியாசத்தைச் சுற்றி நிஜ முடிவுகளின் திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சிதறும் அளவு, ஏறக்குறைய 14 புள்ளி. அப்படியென்றால் 7 புள்ளி வலுவான அணிக்குக்கூட வெற்றி வாய்ப்பு 69 சதவீதம்தான். 3 புள்ளி என்றால் 59.

மியாமிக்காரர்கள் சில வாரம் பயின்று இறங்கினால் பேட்ரியட்ஸ் 7 புள்ளி மேலே என்பது என் மதிப்பீடு. ஒரு சீசன் முழுக்கச் சேர்ந்திருந்தால் 3. தடுப்பாட்டம் அவ்வளவு பிரமாதம். காலத்தைக் கடந்து ஆள் சேர்க்கலாம் என்றால், பஃபலோவைத் தொடர்ந்து நான்கு சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோன ஜிம் கெல்லி மியாமிக்காரர். குவார்ட்டர்பேக் ஓட்டை அடைபடும். ஆனால் முன்வரிசை நடுவே அதே கல்லூரியின் ஜிம் ஓட்டோவை நிறுத்தினால், 116 கிலோ மனிதர் 2004இன் 147 கிலோ வின்ஸ் வில்ஃபோர்க்கைத் தள்ள வேண்டியிருக்கும்.

அந்த வில்ஃபோர்க்கும் மியாமி மாணவர், 2004இல் பேட்ரியட்ஸ் எடுத்த முதல் சுற்றுப் புதுமுகம். கற்பனை ஆட்டத்தில் அவர் எந்தச் சட்டை போடுவார் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். நான் மியாமிக்கே கொடுப்பேன். அப்போதும் பேட்ரியட்ஸிடம், அந்த சீசனில் 33 ஃபீல்டு கோல் முயற்சிகளில் 31ஐக் கம்பங்களுக்கு உள்ளே உதைத்த ஆடம் வினாட்டியேரி இருக்கிறார். ஒரு ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. மியாமிக்காரர்கள் ஒரு சீசன் முழுக்கச் சேர்ந்திருந்தால் இரு அணிக்கும் நடுவே நான் போட்ட வித்தியாசமும் அதே 3தான். மியாமிப் பட்டியலில் அவருக்கு இணையான கிக்கர் இல்லை.